வாசகர் கேள்வி–பதில்: எச்-இன்டெக்ஸ் பதினான்கா, எட்டா?

ஆய்வாளரின் கட்டுரைகள், மேற்கோள்கள், கூட்டாய்வு ஆகியவற்றை எண்ணிப் பார்ப்பது பற்றி வந்த கேள்விகளில் சில இந்த முறை.

கூகுள் ஸ்காலரில் என் எச்-இன்டெக்ஸ் 14. ஸ்கோபஸில் 8. பதவி உயர்வு விண்ணப்பத்தில் எதைப் போடுவது?
– உதவிப் பேராசிரியர், வேலூர்

இரண்டுமே சரி. எச்-இன்டெக்ஸ் 8 என்றால், குறைந்தது எட்டு மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் எட்டு இருக்கின்றன என்று பொருள். எந்தத் தளம் எதைப் படிக்கிறதோ அதைத்தான் எண்ணும். ஸ்கோபஸ் என்ற ஆய்வுத் தரவுத்தளம், தான் பரிசீலித்துச் சேர்த்துக்கொண்ட ஆய்விதழ்கள், மாநாட்டுத் தொகுதிகள், சில நூல்கள் ஆகியவற்றுக்குள் மட்டுமே தேடும். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலருக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. முனைவர் பட்ட ஆய்வேடு, அச்சுக்கு முந்தைய வரைவு, கல்லூரி இணையதளத்தில் கிடக்கும் கருத்தரங்கக் கட்டுரை என எல்லாமே அதற்குக் கணக்குதான். அதனால் அங்கே எண் பெருத்துத்தான் தெரியும்.

எவ்வளவு பெருக்கலாம் என்பதை 2010-லேயே காட்டிவிட்டார் பிரான்சின் கிரெனோபிள் பல்கலைக்கழகத்துச் சிரில் லாபே. கணினி நிரல் எழுதித் தள்ளிய நூற்றுச் சொச்சம் போலிக் கட்டுரைகளை ஒன்றையொன்று மேற்கோள் காட்டும்படி இணையத்தில் போட்டார். ‘ஐக் ஆன்ட்கேர்’ என்ற, பிறக்கவே பிறக்காத ஒரு விஞ்ஞானிக்கு எச்-இன்டெக்ஸ் 94 கிடைத்தது.

விண்ணப்பப் படிவம் தளத்தின் பெயரைச் சொல்லியிருந்தால் அந்தத் தளத்து எண்ணை மட்டும் போடுங்கள். சொல்லவில்லை என்றால் இரண்டையும் எழுதி, பார்த்த தேதியையும் பக்கத்தில் குறியுங்கள். தேதி இல்லாத எச்-இன்டெக்ஸை யாராலும் சரிபார்க்க முடியாது.

ஒரு தடவையாவது கையால் கணக்கிட்டுப் பாருங்கள். கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கையின் இறங்குவரிசையில் அடுக்க வேண்டும். உதாரணத்துக்குப் பத்துக் கட்டுரை: 41, 22, 17, 9, 8, 6, 6, 3, 1, 0. ஆறாவது இடத்தில் 6 இருக்கிறது, சரி. ஏழாவது இடத்திலும் 6தான். அங்கே 7 வேண்டும். ஆகவே எச் 6. இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் 2005-ல் சொன்ன கணக்கு இவ்வளவுதான். இதில் கவனிக்க வேண்டியது, முதல் கட்டுரையின் 41 நாளைக்கு 4,000 ஆனாலும் எச் 6-ஐ விட்டு அசையாது. ஆறாவதும் ஏழாவதும் ஆளுக்கொரு மேற்கோள் வாங்கினால் 7 ஆகிவிடும். கூகுள் காட்டும் ஐ10, பத்து மேற்கோளாவது பெற்ற கட்டுரைகளின் எண்ணிக்கை, இங்கே 3. லியோ எக்கே 2006-ல் கொண்டுவந்த ஜி-இன்டெக்ஸ் பெரிய கட்டுரைக்கு மதிப்புத் தரும். முதல் பத்தின் கூட்டுத்தொகை 113, அது பத்தின் வர்க்கமான 100-ஐத் தாண்டுகிறது. ஆகவே ஜி 10.

கூகுள் ஸ்காலர் சுயவிவரத்தில் கட்டுரைகளைத் தானாகச் சேர்க்கும் வசதியை அணைத்து வையுங்கள். உங்கள் பெயர்கொண்ட வேறொருவரின் கட்டுரை சத்தமில்லாமல் வந்து ஒட்டிக்கொள்ளும். நேர்காணலில் அதைக் கண்டுபிடித்துவிட்டால், நீங்கள் சேர்க்கவில்லை என்று சொன்னாலும் எடுபடாது.

ஸ்கோபஸில் என் பெயரில் மூன்று கணக்குகள் இருக்கின்றன. ஒன்றில் என் கட்டுரையே இல்லை. என்ன செய்ய?
– முனைவர் பட்ட ஆய்வாளர், திருச்சி

நம் பெயர் வைக்கும் முறைக்கும் ஸ்கோபஸுக்கும் இருக்கும் பழைய தகராறு இது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் தலைப்பெழுத்துத்தான். ராமசாமியின் மகள் மலர்விழி ஓர் ஆய்விதழில் ‘மலர்விழி, ஆர்.’ என்று பதிவாவார், இன்னொன்றில் ‘ராமசாமி, எம்.’ என்று பதிவாவார். எந்திரத்துக்கு இவர்கள் இரண்டு பேர். ‘குமார், எஸ்.’ என்பவருக்கோ நேர் எதிர்க் கஷ்டம்: பத்துப் பேரின் கட்டுரைகள் ஒரே கணக்கில் குவிந்திருக்கும்.

ஆசிரியர் தேடலில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் உங்கள் பெயரைப் போட்டு ஒரு முறை, தந்தை பெயரைப் போட்டு இன்னொரு முறை தேடுங்கள். உங்களுடைய கணக்குகளை எல்லாம் டிக் செய்து, ஒன்றாக இணைக்கக் கோருங்கள். எந்தப் பெயர் வடிவம் நிலைக்க வேண்டும் என்று கேட்கும். அடுத்து கட்டுரைப் பட்டியல் வரும். உங்களுடையது அல்லாததை அங்கேயே நீக்கிவிடுங்கள். கோரிக்கையை நிறுவன மின்னஞ்சலிலிருந்து அனுப்பினால் சந்தேகத்துக்கு இடமிருக்காது. திருத்தம் ஏற ஓரிரு வாரம் பொறுங்கள். இணைத்த பிறகு எச்-இன்டெக்ஸ் ஏறாவிட்டால் பதற வேண்டாம். இரண்டு கணக்கின் எச் எண்களும் ஒன்றோடொன்று கூடுவதில்லை. பட்டியல் முழுவதையும் மறுபடி அடுக்கித்தான் எச் கிடைக்கும்.

இனி வரும் கட்டுரைகளுக்கு, ஆய்வாளரை அடையாளம் காட்டும் ஆர்கிட் எண் எடுங்கள். 16 இலக்கம், இலவசம். கடைசி இடத்தில் எண்ணுக்குப் பதில் எக்ஸ் வந்தால் பிழை என்று நினைக்காதீர்கள், அது சரிபார்ப்புக் குறி. கட்டுரை அனுப்பும்போதே அந்த எண்ணைக் கொடுத்து, டிஓஐ பதியும் அமைப்பான கிராஸ்ரெஃபுக்கு அனுமதியும் தந்துவிட்டால், கட்டுரையின் நிரந்தர அடையாளமான அந்த டிஓஐ பதிவாகும்போது கட்டுரை தானாக உங்கள் ஆர்கிட் பக்கத்துக்கு வந்து சேரும். பெயரை ஒரே வடிவத்தில் எழுதும் பழக்கத்தை முதல் கட்டுரையிலேயே தொடங்க வேண்டும். பத்தாவது கட்டுரையில் திருத்த நினைத்தால் மேலே சொன்ன அலைச்சல்தான்.

எங்கள் கல்லூரியில் கணிதத் துறையையும் உயிர்வேதியியலையும் எச்-இன்டெக்ஸ் வைத்து ஒப்பிடுகிறார்கள். இது நியாயமா?
– துறைத்தலைவர், மதுரை

இல்லை. உயிர்வேதியியல் கட்டுரையின் மேற்கோள் பட்டியலே நீளமானது; ஆய்வக முறையைச் சொல்லும் ஒரு கட்டுரையை அத்துறையில் எல்லோரும் காட்டுவார்கள். புரதத்தை அளக்கும் முறை பற்றி லௌரி குழுவினர் 1951-ல் எழுதிய கட்டுரை மூன்று லட்சம் மேற்கோள்களைத் தாண்டியது. கணிதத்தில் அப்படி ஒன்றை எதிர்பார்க்க முடியுமா?

துறைகளுக்கு இடையே ஒப்பிடத் துறைச்சராசரியால் வகுத்த எண் வேண்டும். ஸ்கோபஸ் ஒவ்வொரு கட்டுரைக்கும் அதைக் காட்டுகிறது. அதே துறையில், அதே ஆண்டில், அதே வகைக் கட்டுரைகள் உலகளவில் சராசரியாகப் பெற்ற மேற்கோளால் உங்கள் கட்டுரையின் மேற்கோளை வகுக்கிறார்கள். 1 என்றால் உலகச் சராசரி. ஒரு பேச்சுக்கு, கணிதக் கட்டுரைக்கு 6 மேற்கோள், அத்துறைச் சராசரி 4 என்றால் 1.5. உயிர்வேதியியல் கட்டுரைக்கு 12 மேற்கோள், சராசரி 15 என்றால் 0.8. பன்னிரண்டைவிட ஆறு பெரிது.

ஆனால் இதிலும் ஏமாறலாம். பத்துக் கட்டுரையில் ஒன்றுக்கு இந்த வகுத்த எண் 30, மற்ற ஒன்பதுக்கும் பூஜ்யம் என்றால் சராசரி 3 என்று வரும். பார்ப்பவர் அசந்துவிடுவார். கட்டுரை குறைவாக உள்ள தனி ஆளுக்கு இந்தச் சராசரியைத் தனியாகக் காட்டவே கூடாது. எத்தனை கட்டுரைகள் தத்தம் துறையின் முதல் 10 சதவீதத்துக்குள் வந்தன என்று சேர்த்துக் கேளுங்கள்.

வோஸ்வியூவரில் கூட்டாய்வு வரைபடம் போட்டால் ஒரே பல்கலைக்கழகம் ஐந்தாறு புள்ளிகளாக வருகிறது. சில முக்கியமான கட்டுரைகளையே காணோம்.
– நூலக அறிவியல் மாணவி, சிதம்பரம்

வோஸ்வியூவர் என்ற வரைபட மென்பொருளில் பல்கலைக்கழகம் பிரிவது, அதில் ஏற்றும் ஸ்கோபஸ் கோப்பின் குணம். முகவரியில் துறைப் பெயரோடு வருவதால் ‘இயற்பியல் துறை, இன்ன பல்கலைக்கழகம்’ ஒரு புள்ளி, ‘வேதியியல் துறை’ இன்னொரு புள்ளி. இதற்கு மாற்றுச்சொல் கோப்பு ஒன்று தயாரிக்க வேண்டும். சாதாரண உரைக் கோப்பு போதும்: முதல் வரியில் ‘லேபிள்’, ‘ரிப்ளேஸ் பை’ என்ற தலைப்புகளை மென்பொருள் கேட்கும் ஆங்கில வடிவில், நடுவில் டேப் வைத்து எழுதுங்கள். அடுத்த வரிகளில் இடப்பக்கம் தவறான வடிவம், வலப்பக்கம் சரியான வடிவம். இடையில் டேப்புக்குப் பதில் இடைவெளி விட்டால் மென்பொருள் ஏற்காது. பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும் என்பதால் பெயர்களை மென்பொருள் காட்டும் பட்டியலிலிருந்தே நகலெடுங்கள். நாடுகள் வரைபடத்தில் இந்தத் தொல்லை அநேகமாக இருக்காது.

கட்டுரைகள் காணாமல் போவதற்குக் காரணம் 25 என்ற வரம்பு. அதற்கு மேல் ஆசிரியர்கள் உள்ள கட்டுரையை மென்பொருள் ஒதுக்கிவிடும். எண்ணை உயர்த்தலாம், யோசித்துச் செய்யுங்கள். ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி 2015-ல் வந்த ஒரே கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். அதை உள்ளே விட்டால், இருவர் இருவராகச் சேரும் இணைப்புகள் மட்டும் 1,32,79,281. மற்ற எல்லாம் அதற்குள் மூழ்கிவிடும்.

அதனால்தான் எண்ணும் முறையைக் கேட்கும் இடத்தில் ‘பகுதி எண்ணிக்கை’யைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். ஐந்து பேர் எழுதிய கட்டுரைக்கு முழு எண்ணிக்கையில் ஒவ்வொருவருக்கும் நான்கு இணைப்பு, மொத்த வலு 4. பகுதி எண்ணிக்கையில் ஒவ்வோர் இணைப்பும் கால் பங்கு, மொத்தம் 1. எந்த முறை என்று ஆய்வேட்டில் எழுத மறந்துவிடாதீர்கள். வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள்.

ஒரே கட்டுரையில் நான்கு பேர். யுஜிசி மதிப்பெண் எப்படிப் பிரியும்?
– விரிவுரையாளர், நாகர்கோவில்

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைகளின்படி இருவர் என்றால் ஆளுக்கு 70 சதவீதம். இருவருக்கு மேல் என்றால் முதல் அல்லது பொறுப்பு ஆசிரியருக்கு 70, மற்ற ஒவ்வொருவருக்கும் 30. கட்டுரைக்கு 20 புள்ளி என்றால் உங்கள் நால்வரில் ஒருவருக்கு 14, மற்ற மூவருக்கும் ஆறாறு. கூட்டினால் 32 வருகிறதே என்று கேட்கக்கூடாது, விதி அப்படி.

நான் எழுதுவது தமிழ் இலக்கிய ஆய்வு. எந்தத் தளத்திலும் எனக்கு மேற்கோளே காட்டவில்லை.
– பேராசிரியர், தஞ்சாவூர்

உங்கள் ஆய்வில் குறையில்லை, எந்திரம் படிக்கும் வடிவத்தில் அது இல்லை. ஓர் ஆய்விதழ் ஸ்கோபஸில் சேரக் கட்டுரைத் தலைப்பும் சுருக்கமும் ஆங்கிலத்தில் வேண்டும், மேற்கோள் பட்டியல் ரோமன் எழுத்தில் வேண்டும். தமிழ் இதழ்கள் பல இங்கேயே நின்றுவிடுகின்றன.

கூகுள் ஸ்காலருக்கு இந்த நிபந்தனை இல்லை, ஆனால் பிடிஎஃப் உள்ளே உண்மையான எழுத்து இருக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கட்டுரை நம் கண்ணுக்குத் தமிழ். தேடுபொறிக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். ஒரு வரியை நகலெடுத்து வேறு பக்கத்தில் ஒட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும். யூனிகோடில் மாற்றி, கோப்பை 5 எம்பிக்குள் வைத்து, முதல் பக்கத்தின் உச்சியில் தலைப்பைப் பெரிய எழுத்திலும் அதன் கீழே பெயரையும் வையுங்கள். அடிக்குறிப்புகளில் சிதறிய நூல் விவரங்களைக் கட்டுரையின் இறுதியில் தனிப் பட்டியலாகவும் தொகுத்துத் தர வேண்டும்.

நூல்களுக்கு மேற்கோள் வந்திருந்தால் அதைக் கையால் தொகுப்பதே வழி. எந்த ஆய்வேடு, எந்தப் பக்கம், என்ன காரணத்துக்காகக் காட்டியிருக்கிறார்கள் என்று இரண்டு பக்கத்தில் எழுதி விண்ணப்பத்தோடு இணையுங்கள். துறை தெரிந்த தேர்வாளருக்கு எச்-இன்டெக்ஸைவிட அந்த இரண்டு பக்கம் அதிகம் சொல்லும்.

தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டுவது தவறா?
– வாசகர், ஈரோடு

தொடர் ஆய்வென்றால் காட்டாமல் எப்படி எழுதுவது? அளவுதான் கேள்வி. ஸ்கோபஸில் சுய மேற்கோளை நீக்கிப் பார்க்கும் வசதி உண்டு. நீக்கியதும் எண் பாதியாகச் சரிந்தால் தேர்வாளர் கேட்கத்தான் செய்வார்.

‘இம்பாக்ட் ஃபேக்டர் 7.328, ஏழு நாளில் வெளியீடு’ என்று மின்னஞ்சல் வந்தது. நம்பலாமா?
– ஆய்வு மாணவர், சேலம்

ஏழு நாளே போதும், குப்பையில் போட. அந்த எண்ணையும் கவனியுங்கள். இதழின் கட்டுரைக்குச் சராசரியாக எத்தனை மேற்கோள் என்று காட்டும் இம்பாக்ட் ஃபேக்டரை வெளியிடுவது கிளாரிவேட் நிறுவனம். 2023 பட்டியலிலிருந்து அவர்கள் ஒரு தசம இலக்கம்தான் தருகிறார்கள். புது ஆண்டுக்கு மூன்று இலக்கத்தோடு வரும் எண் அங்கிருந்து வந்ததாக இருக்க முடியாது. ‘ஸ்கோபஸில் உள்ளது’ என்று சொன்னால் இதழின் அடையாளமான ஐஎஸ்எஸ்என் எண்ணை ஸ்கோபஸ் பட்டியலில் போட்டு, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று பாருங்கள். 2019-லேயே நிறுத்தப்பட்ட இதழ்கூட இன்றும் அந்தப் பெயரைச் சொல்லிப் பணம் கேட்கும். இணைய முகவரியும் பட்டியலில் உள்ளதுதானா என்று ஒப்பிடுங்கள். நல்ல இதழின் பெயரையும் எண்ணையும் திருடிப் போலித் தளம் நடத்துபவர்கள் உண்டு.