கிழவிகளின் பேச்சைப் பதிவு செய்யும் பெண்ணை என்ன படிக்க வைப்பது?

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். அவருடைய மகள் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்துப் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றிருக்கிறாள். தாய்மாமன் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் செயற்கை நுண்ணறிவுப் பிரிவில் நிர்வாக ஒதுக்கீட்டு இடம் பேசி வைத்திருக்கிறார். வீட்டு நகையை அடகு வைத்து முதல் ஆண்டுப் பணத்தைக் கட்டிவிட்டு, மீதிக்கு வங்கிக் கடன் வாங்கிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. மகளோ வரலாறு, நாட்டார் வழக்காறு என்று பேசுகிறாள். ஊரிலுள்ள கிழவிகள் சொல்லும் கதைகளையும் ஒப்பாரிகளையும் கைப்பேசியில் பதிந்துகொண்டு திரிகிறாள். அவள் மனத்தை மாற்ற வழி சொல்லுங்கள் என்று கேட்கிறார்.

ஐயா, மகள் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்ற உங்கள் கவலை நியாயமானது. ஆனால் அவள் மனத்தை மாற்ற நான் வழி சொல்லப் போவதில்லை. மாற்ற வேண்டியது மாமா செய்திருக்கும் ஏற்பாட்டைத்தான். கணக்கில் நாட்டமே இல்லாத பெண்ணைக் கடன் வாங்கிப் பொறியியலில் சேர்த்தால், நான்கு ஆண்டுகள் கழித்து வட்டி நிற்கும், தேறாத தாள்கள் நிற்கும், உறவினர் மட்டும் அந்தப் பக்கம் வரமாட்டார்கள். எந்தக் கல்லூரி என்பதைக்கூட விசாரிக்காமல் பாடப்பிரிவின் பெயரை வைத்து எடுக்கப்படும் முடிவு இது. பொறியியலே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிள்ளைக்கு விருப்பமும் இல்லாமல், வீட்டில் பணமும் இல்லாமல், அதை வாங்காதீர்கள் என்கிறேன்.

உங்கள் மகள் பொழுதுபோக்காகத் திரிவதாக நினைக்கிறீர்கள். அவள் கிழவிகளிடம் என்ன கேட்டாள் என்று உங்கள் கடிதத்திலேயே ஒரு வரி இருக்கிறது: ரேகைச் சட்டக் காலத்தில் ஆண்கள் இரவில் எங்கே படுத்தார்கள், வீட்டில் பெண்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டிருக்கிறாள். ரேகைச் சட்டம் என்று ஊரில் சொல்வது குற்றப் பழங்குடிகள் சட்டத்தை. 1871இல் வடஇந்தியாவில் தொடங்கி 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிக்கப்பட்ட அந்தச் சட்டம், பிறந்த சாதியை வைத்தே ஆண்களைக் குற்றவாளிகளாகப் பதிந்து, கைரேகை வாங்கி, இரவில் காவல் நிலையத்தில் படுக்க வைத்தது. அது உங்கள் பகுதியில் என்ன செய்தது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1920 ஏப்ரல் 3ஆம் நாள் பெருங்காமநல்லூரில் கைரேகை வைக்க மறுத்தவர்கள்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் மாயக்காள் என்ற பெண் உள்படப் பதினாறு பேர் இறந்தார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல்தான் நீங்கியது. அரசாங்கக் கோப்புகளில் அதிகாரிகள் எழுதியது இருக்கிறது. இரவெல்லாம் கணவன் காவலில் கிடக்க, கைப்பிள்ளையோடு தனியாக இருந்தவளின் பேச்சு எந்தக் கோப்பில் இருக்கிறது? அந்தக் காலத்தைக் கண்ணால் கண்டவர்களில் எஞ்சியிருப்போர் மிகச் சிலர். உங்கள் மகள் சரியான நேரத்தில் சரியான கேள்வியைக் கேட்கிறாள். இதற்கு வாய்மொழி வரலாறு என்று பெயர். பல்கலைக்கழகத்தின் அறிவை ஊரோடு சேர்ந்து உருவாக்கி, ஊருக்கே திருப்பித் தருகிற பொது மானுடப்புலம் என்ற பெரிய துறையோடு சேர்ந்தது அது.

இந்தத் துறையில் என்ன வேலை நடக்கும் என்று கேட்பீர்கள். மகாராஷ்டிரத்துக் கிராமங்களில் பெண்கள் விடியுமுன் திரிகையில் தானியம் அரைத்துக்கொண்டே பாடிய பாடல்களை ஹேமா ராயிர்கர், கி புவாத்வான் என்ற இரு சமூக ஆய்வாளர்கள் ஊர் ஊராகச் சென்று சேகரித்தார்கள். தாய்வீடு, மாமியார், கணவனின் அடி, சாதி, அம்பேத்கர் என்று அந்தப் பெண்கள் வெளியே பேச முடியாததையெல்லாம் அந்தத் திரிகையிடம் சொல்லியிருந்தார்கள். மின் அரவை வந்ததும் திரிகை நின்றது, பாட்டும் நின்றது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அந்தப் பாடல்களின் தொகுப்பை, பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014இல் தொடங்கிய இந்திய ஊரக ஆவணக் காப்பகம் பொறுப்பேற்று, பாடியவரின் பெயரும் ஊரும் தெரியும்படி, மொழிபெயர்ப்போடு வெளியிட்டு வருகிறது. அந்தக் காப்பகம் தமிழிலும் வருகிறது. இன்றிரவு மகளை உட்கார வைத்து ஒன்றிரண்டைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

உங்கள் பகுதியின் கதைக்கு இன்னும் நெருக்கமானது அகமதாபாத்தின் சாராநகரில் இருக்கிறது. அதே குற்றப் பழங்குடிகள் சட்டத்தால் குற்றவாளிகள் என்று முத்திரை குத்தப்பட்ட சாரா மக்களின் குடியிருப்பு அது. 1998இல் மேற்கு வங்கத்தின் புருலியாவில் சபர் பழங்குடியைச் சேர்ந்த புதன் சபர் காவல்துறையின் பிடியில் இறந்தபோது, அவரை முன்பின் பார்த்திராத சாரா இளைஞர்கள் அதை நாடகமாக்கினார்கள். மொழியியலறிஞர் கணேஷ் தேவியும் எழுத்தாளர் மகாசுவேதா தேவியும் துணைநிற்க, ஒரு சிறு நூலகத்தைச் சுற்றி வளர்ந்த அந்தக் குழுதான் புதன் தியேட்டர். பிறந்த சாதியைக் காரணம் காட்டி வேலை மறுக்கப்பட்ட பிள்ளைகள் அங்கிருந்து நடிகர்களாகவும் வழக்கறிஞர்களாகவும் பத்திரிகையாளர்களாகவும் ஆவணப்பட இயக்குநர்களாகவும் வெளியே வந்தார்கள்.

இங்கே உங்களுக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஊர்க்கதையைச் சேகரிப்பது சாதிப் பெருமை பேசுவதில் போய் முடிந்துவிடக்கூடும். தென் மாவட்டங்களில் அது நடப்பதைப் பார்க்கிறோம். முறையான படிப்பு வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு முதல் காரணமே இதுதான். ரேகைச் சட்டத்தின் கொடுமையைச் சொல்லும் அதே ஊரின் மறு தெருவில், வேறு சிலர் வேறு கொடுமையைச் சொல்லக் காத்திருப்பார்கள். அவர்கள் வீட்டு வாசலிலும் போய் உட்கார்ந்து, இரண்டையும் ஒரே மரியாதையோடு பதிவு செய்யவும், நினைவையும் ஆவணத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கவும் கற்பவளே வரலாற்றாளர். உங்கள் மகள் மறு தெருவுக்குப் போனால் தடுக்காதீர்கள்.

இனிப் படிப்பு. அரசு கலைக் கல்லூரியில் இளங்கலை வரலாறோ தமிழோ போதும். கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரங்களைத் தாண்டாது. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் அவளுக்கும் உண்டு. வெளியூர் அனுப்பத் துணிந்தால் பெங்களூரின் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணச் சலுகை தருகிறார்கள், ஆனால் பாடமெல்லாம் ஆங்கிலத்தில். இளங்கலைக்குப் பின் மத்தியப் பல்கலைக்கழகங்களின் பொது நுழைவுத்தேர்வு எழுதி முதுகலைக்குப் போகலாம். வீட்டிலிருந்தே படிக்க வேண்டிய நிலை வந்தால் இந்திராகாந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நாட்டார் வழக்காறும் பண்பாட்டு ஆய்வும் முதுகலைப் பாடமாகவே இருக்கிறது. கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆய்வு உதவித்தொகைக்குமான தேசியத் தகுதித் தேர்வில் நாட்டார் இலக்கியம் தனிப் பாடம். அதில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேறினால் மாதம் 37,000 ரூபாய். ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம், சமுதாய வானொலி, தொண்டு நிறுவனங்களின் களப்பணி, மொழிபெயர்ப்பு ஆகியவை இந்தத் துறையின் வேலையிடங்கள். தொடக்கச் சம்பளம் சிறியது, வேலை தேடி வராது, நாம்தான் தேடிப் போக வேண்டும்; இதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன். ஆனால் கடனில்லாத பெண்ணால் சிறிய சம்பளத்தில் தொடங்க முடியும்.

மகளுக்கும் ஒரு கண்டிப்பு உண்டு. இதே படிப்பை அழகான வளாகத்தில் லட்சக்கணக்கில் விற்கும் தனியார் பல்கலைக்கழகத்தை அவள் கேட்டால், மாமாவின் ஏற்பாட்டை மறுத்த அதே காரணத்துக்காக அதையும் மறுப்பேன். அம்மா, நீ இப்போதே முறையாகத் தொடங்கு. பதிவுக்கு முன் மின்விசிறியை நிறுத்து. சட்டையில் குத்தும் சிறு ஒலிவாங்கி ஒன்று வாங்கு. முதலில் பேசுபவரின் பெயர், வயது, ஊர், நாள் ஆகியவற்றை உன் குரலில் சொல்லிப் பதிவு செய். எதற்காகப் பதிகிறாய், யார் கேட்பார்கள் என்று விளக்கி, அவருடைய ஒப்புதலையும் பதிவிலேயே வாங்கு. வேண்டாம் என்றால் அழித்துவிடு. அவர் பேச்சைத் திருத்தாமல் வட்டார வழக்கிலேயே எழுது. ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தில் இறக்க ஐந்தாறு மணி நேரமாகும், சலித்துக்கொள்ளாதே. பிரதியை மூன்று இடங்களில் வை, ஒன்றை அந்தக் குடும்பத்திடம் கொடு. நாள்தோறும் ஆங்கிலத்தில் ஒரு பக்கமாவது படி. அது இல்லாமல் முதுகலையில் மிகவும் திணறுவாய்.

ஐயா, அரசு கலைக் கல்லூரிகளுக்கான விண்ணப்பத்தை இணையவழியில்தான் போட வேண்டும். செலவு ஐம்பது ரூபாய் அளவில் முடிந்துவிடும். கடைசி நாளை விட்டுவிடாதீர்கள். தாய்மாமன் மனம் நோகாதபடி, பெண் முதலில் இளங்கலையை முடிக்கட்டும் என்று மட்டும் சொல்லுங்கள். அதற்குள் அந்தப் பொறியியல் கல்லூரிக்காரர்கள் இடத்தை உறுதி செய்வதாகச் சொல்லி மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் கேட்டால், அசலைக் கொடுத்துவிடாதீர்கள். அசல் சான்றிதழைக் கல்லூரிகள் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இலேயே அறிவித்திருக்கிறது. முன்பணம் ஏதும் கட்டியிருந்தால் ரசீதோடு எனக்கு எழுதுங்கள், திரும்பப் பெறுவதற்கான மனுவை நான் எழுதித் தருகிறேன்.