நோட்டீஸ் அடிக்கிற வீட்டில் ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங்

அண்ணாச்சிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிபிஏ பரீட்சை எழுதி முடித்த மகள், சென்னையில் ஆறு மாத டிஜிட்டல் மார்க்கெட்டிங் கோர்ஸ் (போனிலும் இணையத்திலும் விளம்பரம் செய்யச் சொல்லித் தருவது) சேரப் போகிறேன் என்கிறாள். கட்டணம் 60,000 ரூபாய், முன்பணம் இந்த மாதக் கடைசிக்குள் கட்ட வேண்டும், ஹாஸ்டல் செலவு தனி. நீங்களோ சிவகாசியில் இருபத்தைந்து வருடமாக ஆப்செட் பிரஸ் நடத்துகிறீர்கள். "காலண்டரும் நோட்டீஸும் அடித்துத்தான் இவளைப் படிக்க வைத்தேன். இப்போது 'பேப்பரை யாருப்பா பார்க்கிறா?' என்று என்னிடமே கேட்கிறாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கேட்டது கோர்ஸைப் பற்றி. ஆனால் உங்களை உட்கார்ந்து எழுத வைத்தது இந்த வரிதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாப்பா தேர்ந்தெடுத்த துறை சரியானதுதான். முன்பணத்தை மட்டும் இப்போது கட்ட வேண்டாம். ஆடி முடியட்டும். அதற்குள் அவள் உங்கள் பிரஸ்ஸில் ஒரு வேலை செய்து பார்க்க வேண்டும். அது என்ன வேலை என்பதைக் கீழே சொல்கிறேன்.

போனில் விளம்பரம் போடத் தெரிந்தவர்கள் இப்போது நிறையப் பேர் வருகிறார்கள். அச்சு, ரேடியோ, ஹோர்டிங் தெரிந்தவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். இரண்டையும் ஒரே பேச்சாகப் பேச வைத்து, எந்த ரூபாய்க்கு எந்த வாடிக்கையாளர் வந்தார் என்று முதலாளியிடம் கணக்குக் காட்டத் தெரிந்தவர்தான் குறைவு. படிப்புக்கும் வேலைக்கும் வழிகாட்டும் என் கவுன்சலிங் ஆபீஸுக்கு ஆள் கேட்டு வரும் கடைக்காரர்களும் சிறு கம்பெனிக்காரர்களும் தேடுவது அந்த ஆளைத்தான். வெறும் இன்ஸ்டாகிராம் போஸ்ட் போடுபவரை வைத்துக்கொண்டு அவர்கள் படும் பாட்டைத் தினமும் கேட்கிறேன்.

இது ஒன்றும் புதிய வித்தை இல்லை அண்ணாச்சி. சிக் ஷாம்பு கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கடலூர்க்காரரான சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயில் தொடங்கிய தொழில். ஷாம்பு என்றாலே என்னவென்று தெரியாத கிராமங்களுக்கு ஆட்களை அனுப்பி, ஒரு பையனை உட்கார வைத்து எல்லோர் முன்னாலும் தலைக்குத் தேய்த்துக் காட்டி, முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். அப்புறம் ஒரு திட்டம் போட்டார்கள். எந்தக் கம்பெனியின் ஷாம்பு கவராக இருந்தாலும் ஐந்து காலிக் கவரைக் கொண்டு வந்தால் ஒரு சிக் சாஷே இலவசம். கொஞ்ச நாள் கழித்து, சிக் காலிக் கவர் கொண்டு வந்தால்தான் உண்டு என்று மாற்றிவிட்டார்கள். அந்தக் காலிக் கவரை யோசித்துப் பாருங்கள். அது பரிசுச்சீட்டு மட்டுமா? எந்த ஊரில் எத்தனை பேர் வாங்கினார்கள், திரும்ப யார் வந்தார்கள் என்ற கணக்கும் அதிலேயே இருக்கிறது. இன்றைக்குக் கூப்பன் கோடு (எந்த விளம்பரத்தைப் பார்த்து வந்தார் என்று காட்டும் குறிச்சொல்) என்று கோர்ஸில் சொல்லிக் கொடுப்பதும் இதைத்தான்.

வடக்கே இன்னொரு கதை. பீகார், ஜார்க்கண்டில் கரண்டே ஒழுங்காக வராத ஊர்கள், டிவி விளம்பரம் போய்ச் சேராது. ஆனால் கையில் சாதாரண போன் இருந்தது. இந்துஸ்தான் யூனிலீவர் ஒரு நம்பரைக் கொடுத்து மிஸ்டு கால் கொடுக்கச் சொன்னது. கால் திரும்பி வரும், பாட்டும் நகைச்சுவையும் ஓடும், நடுநடுவே அவர்கள் பொருட்களின் விளம்பரம். 'கான் கஜூரா தேசன்' என்று பெயர். 2014-ல் பிரான்ஸில் நடக்கும் கான் விளம்பர விழாவில் தங்கச் சிங்கம் விருது வாங்கியது. ஸ்மார்ட்போனும் இல்லை, இணையமும் இல்லை. ஆனால் யார் அழைத்தார், எவ்வளவு நேரம் கேட்டார் என்பது கம்பெனிக்குத் தெரியும்.

2021 தீபாவளிக்கு கேட்பரி செய்ததைப் பாப்பாவே உங்களுக்குக் காட்டுவாள், கேளுங்கள். சிறு கடைக்காரர் தன் கடைப் பெயரைக் கொடுத்தால், ஷாருக் கான் அந்தக் கடைப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி விளம்பரம் தயாராகிவிடும். செயற்கை நுண்ணறிவு செய்த வேலை. கடைசியில் அது கொண்டு போய் நிறுத்துவது தெருமுனைக் கடை வாசலில்தான்.

இனி என் சொந்தக் கதை ஒன்று. கவுன்சலிங்குக்கு வருவதற்கு முன் நான் விளம்பரத் தொழிலில் இருந்தவன். ஒரு ஊரில் வீட்டு உபயோகப் பொருள் கடை ஒன்றுக்குப் பொங்கல் விளம்பரம் செய்தோம். ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் அரைப் பக்கம். 'பழைய மிக்ஸியைக் கொடுங்கள், 500 ரூபாய் கழிவு பெறுங்கள்' என்று பெரிய எழுத்தில் போட்டு, கீழே கியூஆர் கோடு. அதை ஸ்கேன் செய்தால் வரும் பக்கத்தில் '3,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் மட்டும்' என்று ஒரு வரி. அந்த வரி பேப்பரில் இல்லை. பக்கத்தை எழுதியவர் வேறு, பேப்பர் டிசைன் செய்தவர் வேறு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய ஆள் நான். பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை கடையில் நின்றிருந்தேன். ஒரு அம்மா கட்டைப்பையில் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்திருந்தார். கேஷ் கவுண்டர் பையன், "எங்ககிட்ட அப்படி ஒண்ணும் சொல்லலையேம்மா" என்றான். அந்த அம்மா எதுவும் பேசாமல், இடுப்பில் மடித்துச் செருகியிருந்த பேப்பரை எடுத்து விரித்துக் காட்டினார். நான் அன்று மாலை மீட்டிங்கில், கியூஆர் கோடை எத்தனை பேர் ஸ்கேன் செய்தார்கள் என்ற எண்ணிக்கையைப் பெருமையாகக் காட்டினேன். எண்ணிக்கை பிரமாதமாகத்தான் இருந்தது.

பேப்பர், இணையம், கவுண்டர் மூன்றும் ஒரே சொல்லைச் சொல்லவில்லை என்றால் செலவு செய்த அத்தனையும் கவுண்டருக்கு முன்னால் கடைசி மூன்றடியில் வீணாகிவிடும். உங்கள் பிரஸ்ஸில் ப்ரூஃப் பார்க்காமல் பிளேட் போடுவீர்களா? மாட்டீர்கள். ஐயாயிரம் அடித்த பிறகு ஒரு எழுத்துத் தப்பு என்றால் அத்தனையும் குப்பை. டிஜிட்டலில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தப் பயம் இல்லை, போட்டுவிட்டுத் திருத்திக்கொள்ளலாம் என்ற பழக்கம். உங்கள் வீட்டில் பிறந்ததால் பாப்பாவுக்குப் ப்ரூஃப் பார்க்கிற கண் இருக்கும். அதைக் கோர்ஸில் வாங்க முடியாது.

சரி, அந்த வேலைக்கு வருகிறேன். ஆடித் தள்ளுபடிக்கு நோட்டீஸ் அடிக்க வரும் கடைகளில், நன்றாகப் பழகிய ஒரு ஜவுளிக்கடையைப் பாப்பாவிடம் ஒப்படையுங்கள். நோட்டீஸ் மூலையில் அ, ஆ, இ என்று மூன்று குறி போட்டு மூன்று கட்டாக அடிக்கட்டும். 'அ' பேப்பருக்குள் வைத்துப் போவது, 'ஆ' பஸ் ஸ்டாண்டில் கையில் கொடுப்பது, 'இ' ஏற்கெனவே வாங்கியவர்களின் பையில் போட்டு அனுப்புவது. நோட்டீஸைத் திரும்பக் கொண்டு வந்தால் ஒரு கர்ச்சீப் இலவசம். அதே வாரம் அதே சலுகையை இன்ஸ்டாகிராமிலும் பேஸ்புக்கிலும் அந்த ஊரைச் சுற்றிச் சின்னத் தொகைக்கு விளம்பரம் போடட்டும், அதற்குத் தனியாக ஒரு கூப்பன் சொல். கவுண்டரில் ஒரு நோட்டு. வருகிறவரிடம் "எதைப் பார்த்து வந்தீங்க?" என்று கேட்டு எழுத வேண்டும். முதல் இரண்டு நாள் கவுண்டரில் பாப்பாவே நிற்கட்டும். இல்லாவிட்டால் கூட்ட நேரத்தில் எல்லா வரியிலும் 'பேப்பர்' என்றே எழுதி வைத்துவிடுவார்கள், எனக்கு அந்த அனுபவமும் உண்டு.

வாரக் கடைசியில் கணக்கு எப்படி வரும் என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். நோட்டீஸுக்கு 6,000 ரூபாய் செலவு, 40 பேர் கொண்டு வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 150 ரூபாய். போன் விளம்பரத்துக்கும் 6,000 ரூபாய், 90 பேர் விசாரித்தார்கள். ஆளுக்கு 67 ரூபாய்தான் என்று திரை காட்டும். ஆனால் கடைக்கு வந்தவர் 15 பேர் என்றால் ஆளுக்கு 400 ரூபாய். உடனே நீங்கள் "பார்த்தியா, பேப்பர்தான்" என்று சொல்லிவிடக் கூடாது. அந்த 15 பேரில் சிலர் நோட்டீஸையும் பார்த்திருப்பார்கள். நோட்டீஸோடு வந்த 40 பேரில் சிலர், கடை எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கூகுளில் தேடிவிட்டுத்தான் வந்திருப்பார்கள். கடைசியாகத் தொட்ட விளம்பரத்துக்கே முழுப் பெருமையையும் கொடுப்பது, தாலி கட்டுகிற நேரத்துக்கு வந்தவரே கல்யாணத்தை முடித்து வைத்தார் என்பது போல. இந்தச் சிக்கலை நோட்டைக் காட்டி முதலாளிக்கு விளக்கத் தெரிந்துவிட்டால், பாப்பா வேலைக்குப் பாதி தயார்.

கியூஆர் கோடு பற்றி ஒன்றிரண்டு. அச்சடித்த பிறகு கோடை மாற்ற முடியாது, ஆனால் அது போய்ச் சேரும் பக்கத்தை மாற்ற முடியும். அதனால் கடையின் சொந்த இணையப் பெயரில் ஒரு சின்ன முகவரி வைத்து, அதிலிருந்து வேண்டிய பக்கத்துக்குத் திருப்பிவிடச் சொல்லுங்கள். உங்களுக்கு இது முக்கியம். ஆடிப்பெருக்கு அன்று மாதிரி ஆல்பம் போட்டு ஆர்டர் எடுக்கிற தினசரி காலண்டர், அடுத்த வருடம் டிசம்பர் 31 வரை சுவரில் தொங்கும். போன் விளம்பரம் கட்டைவிரல் தள்ளுகிற நேரத்தில் போய்விடும், உங்கள் காலண்டரைத் தினமும் ஒரு ஆள் தாள் கிழிக்கிறார். அதில் இருக்கிற கோடு மார்ச் மாதம் செத்துப்போனால் அசிங்கம். அளவுக்கும் ஒரு கைக்கணக்கு உண்டு. பார்க்கிற தூரத்தில் பத்தில் ஒரு பங்கு இருக்க வேண்டும். முப்பது அடி தூரத்திலிருந்து பார்க்கிற ஹோர்டிங் என்றால் மூன்றடி அளவில் கியூஆர் கோடு. அதையும் பைக்கில் போகிறவர் ஸ்கேன் செய்ய மாட்டார். அங்கே நினைவில் நிற்கிற ஒரு நம்பர் போதும்.

அந்த நோட்டில் வாடிக்கையாளர் போன் நம்பரை வாங்கினால், எதற்கு என்று சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-ல் சட்டமே வந்துவிட்டது. மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்புவதற்கும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதிப்படி அனுப்புபவர் பெயரும் வாசகமும் முன்பே பதிவு செய்ய வேண்டும். இதையெல்லாம் தெரிந்து வைத்திருக்கும் புதியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

இனி கோர்ஸ். அடிப்படைப் பாடங்களுக்குப் பணம் தேவையில்லை. கூகுளின் ஸ்கில்ஷாப், பேஸ்புக் கம்பெனியான மெட்டாவின் புளூபிரின்ட், ஹப்ஸ்பாட் அகாடமி என்ற மூன்று இணையப் பாடத்தளங்களிலும் இலவசமாகவே படிக்கலாம். கூகுள் விளம்பரச் சான்றிதழ் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 60,000 ரூபாய் கேட்கிற இடத்துக்கு நீங்களும் பாப்பாவும் நேரில் போய்க் கேளுங்கள்: மாணவர்கள் உண்மையான பணத்தில் விளம்பரம் ஓட்டுவார்களா, ஓட்டினால் அது யாருடைய கணக்கு? பேப்பர், ரேடியோ, ஹோர்டிங் பற்றி ஒரு வகுப்பாவது உண்டா? போன வருடம் படித்தவர்கள் மூன்று பேருடன் பேச முடியுமா? 'நூறு சதவீத வேலை' என்று போர்டு மாட்டியிருந்தால், எத்தனை பேர், என்ன வேலை, எந்த ஊர் என்று எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

எம்பிஏ படிக்க வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வைக்கலாம், ஆனால் உடனே வேண்டாம். பெரிய நுகர்பொருள் கம்பெனிகளில் பிராண்ட் வேலை பார்க்க அது உதவும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு டான்செட், ஐஐஎம்களுக்கு கேட், விளம்பரத்துக்கென்றே 1991-ல் தொடங்கிய அகமதாபாத் மைகா கல்வி நிறுவனத்துக்கு அதன் தனித் தேர்வு. ஒன்றிரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுப் போனால், வகுப்பில் சொல்வது எந்தக் கவுண்டரில் உடையும் என்று அவளுக்கே தெரியும். ஒரு ரகசியம்: தமிழில் பன்னிரண்டு வார்த்தையில் ஒரு நோட்டீஸ் எழுதத் தெரிந்தவருக்கு இந்தத் துறையில் எப்போதும் வேலை உண்டு. ஆங்கிலத்தில் எழுதி மொழிபெயர்த்த விளம்பரத் தமிழைப் பார்த்துப் பார்த்து எல்லோரும் சலித்துப் போயிருக்கிறார்கள்.

பெண் பிள்ளையைத் தனியாக அனுப்புவது பற்றி நீங்கள் எழுதிய பத்தியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அது நீங்களும் அண்ணியும் பாப்பாவும் உட்கார்ந்து பேச வேண்டியது. ஆடிக் கூட்டத்தில் கவுண்டரில் நின்று சமாளித்தவளாகப் பாப்பா அந்தப் பேச்சுக்கு வருவாள், அவ்வளவுதான்.

ஆடிப்பெருக்கு வேலை முடிந்ததும் ஒரு சனிக்கிழமை மதுரைக்கு இரண்டு பேரும் வாருங்கள். காலை பத்து மணிக்கு மேல் ஆபீஸில் இருப்பேன். மார்க் ஷீட் வேண்டாம், அந்தக் கவுண்டர் நோட்டைக் கொண்டு வரச் சொல்லுங்கள். திரும்பி வந்த நோட்டீஸ்களையும் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாகக் கொண்டு வரட்டும், அ, ஆ, இ தனித்தனியாக.