ஐந்தில் இரண்டு இடம் கேப்டன் கையில்: மொஸ்கோனி கோப்பைக்கு அமெரிக்க அணியைத் தேர்வது எப்படி?

வாசகர் கேள்வி: அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஐந்து பேர் அணிகளாக மோதும் பூல் போட்டியான மொஸ்கோனி கோப்பையில் 2020 முதல் 2024 வரை ஐந்து முறையும் அமெரிக்கா ஐரோப்பாவிடம் தோற்றது. தரவரிசையில் மேலே இருக்கும் ஐந்து அமெரிக்கர்களை அப்படியே அனுப்பினால் என்ன? கடைசி இரண்டு இடங்களைக் கேப்டனிடம் விடுவது சரிதானா? விட்டால், அவர் எதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்?

பதில்: முதல் மூன்று இடங்களுக்குத் தரவரிசை போதும். அண்மை ஆண்டுகளின் நடைமுறையும் அதுதான்: மூன்று பேர் தரவரிசைப்படி நேராக உள்ளே வருவார்கள், இரண்டு பேர் கேப்டன் எடுக்கும் வைல்ட்கார்டு. இந்த முறை சரியானது என்பதே எங்கள் கருத்து. காரணம் போட்டியின் அமைப்பிலேயே இருக்கிறது.

1994-இல் தொடங்கிய நைன் பால் போட்டி இது. நைன் பால் என்றால் 1 முதல் 9 வரை எண்ணிட்ட பந்துகள், மேசையில் இருப்பதில் குறைந்த எண்ணைத்தான் முதலில் தொட வேண்டும். முதலில் 11 புள்ளி எடுக்கும் அணிக்குக் கோப்பை. ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் ஆட்டம், அதில் முதலில் 5 ராக் (பந்துகளை அடுக்கி ஆடும் ஒரு சுற்று) ஜெயித்தவருக்குப் புள்ளி. 5 ராக் என்பது மிகக் குறைவு. அமெரிக்காவில் பரவலாகப் புழங்கும் ஃபார்கோரேட் மதிப்பீட்டில் இருவருக்குள் 100 புள்ளி வித்தியாசம் என்றால், வலியவர் இரண்டு ராக் எடுக்கும் நேரத்தில் மற்றவர் ஒன்று எடுப்பார் என்று பொருள். அணியின் நாலாவது இடத்துக்கு மோதுகிறவர்களிடையே அவ்வளவு இடைவெளி இருக்காது, 30 புள்ளி இருந்தாலே அதிகம். 30 புள்ளி என்றால் ஒரு ராக்கை ஜெயிக்கும் வாய்ப்பு சுமார் 55 சதவீதம். அதை 5 ராக் ஆட்டத்துக்குக் கணக்கிட்டால் வெற்றி வாய்ப்பு சுமார் 62 சதவீதம்தான். 100 ஆட்டத்தில் 38-ஐப் பலவீனமானவரே எடுத்துக்கொண்டு போவார்.

ஆகவே தரவரிசையில் நாலாவது ஆளுக்கும் ஏழாவது ஆளுக்கும் உள்ள வித்தியாசத்தை விட, இந்தப் போட்டி கேட்கும் தனித் திறமைகளில் உள்ள வித்தியாசம்தான் முடிவைப் புரட்டுகிறது. தரவரிசை இன்னொன்றையும் மறைத்துவிடும்: நிறையப் போட்டிகளுக்குப் பயணம் போக வசதி உள்ளவருக்குப் புள்ளியும் கூடச் சேரும்.

கேப்டன் முதலில் பார்க்க வேண்டியது பிரேக், அதாவது அடுக்கிய பந்துகளைக் கலைக்கும் முதல் அடி. ஆளுக்கு 50 பிரேக் அடிக்கச் சொல்லி எண்ணட்டும். ஆனால் பந்து விழுந்ததா என்று மட்டும் எண்ணினால் ஏமாந்துபோவார். பந்து விழுந்தது, வெள்ளைப் பந்து மேசை நடுவில் நின்றது, 1-ஆம் எண் பந்தை அடிக்க வழி திறந்தது, இந்த மூன்றும் ஒன்றாக வந்தால்தான் அது நல்ல பிரேக். சோதனை அடுக்கு அந்த ஆண்டின் விதிப்படியே இருக்க வேண்டும். 1-ஐ மேசையில் அடுக்குக்குக் குறித்த புள்ளியில் வைத்து அடுக்கினால் ஓரத்துப் பந்து மூலைப் பாக்கெட்டுக்குச் சுலபமாக ஓடும். 9-ஐப் புள்ளியில் வைத்தால் அடுக்கு முழுவதும் பிரேக் அடிப்பவர் பக்கம் நகர்ந்து அந்தப் பாதை கெட்டுவிடும். அப்போது 1-ஐ நடுப் பாக்கெட்டில் இறக்கத் தெரிந்தவருக்குத்தான் மதிப்பு. ஊரில் ஓரத்துப் பந்தை நம்பியே ஜெயித்தவர் அரங்கில் தடுமாறுவது பெரும்பாலும் இதனால்தான்.

அடுத்தது ஷாட் கிளாக். ஒரு ஷாட்டுக்கு 30 விநாடி, ராக்குக்கு ஒரு முறை கூடுதல் நேரம். வீரரின் பழைய ஆட்ட வீடியோக்களை எடுத்து, பந்துகள் நின்றதிலிருந்து அவர் அடிக்கும் வரை எத்தனை விநாடி என்று குறித்துக்கொள்ளுங்கள். சராசரியைப் பார்க்காதீர்கள். சேஃப்டிக்கும் (எதிராளிக்கு நல்ல ஷாட் கிடைக்காதபடி பந்தை வைப்பது) கிக் ஷாட்டுக்கும் (வெள்ளைப் பந்தை முதலில் மேசை ஓரக் குஷனில் மோதவிட்டு அடிப்பது) எவ்வளவு எடுக்கிறார் என்பதே முக்கியம். சேஃப்டிக்கு 45 விநாடி யோசிக்கும் ஆளின் சேஃப்டி 30 விநாடியில் அதே தரத்தில் வராது.

பலரும் கவனிக்காமல் விடுவது டபுள்ஸ். இருவரும் மாறிமாறி ஒவ்வொரு ஷாட் அடிக்க வேண்டும். ஒருவர் பிரேக்கில் பந்து போட்டால் அடுத்த ஷாட் கூட்டாளிக்கு. அதனால் பெரிய பிரேக்காரருக்கு ஜோடியாக, புஷ் அவுட் (பிரேக்குக்கு அடுத்த ஷாட்டில் எந்தப் பந்தையும் தொடாமலே வெள்ளைப் பந்தை நகர்த்தும் உரிமை) முடிவைச் சரியாக எடுப்பவரை வையுங்கள். இருவருமே வலுவாக அடித்து வெள்ளைப் பந்தை ஓடவிடுபவர்கள் என்றால் சிக்கல் இல்லை. ஒருவர் மெல்லத் தட்டி வைப்பவர், மற்றவர் மூன்று குஷன் ஓட்டுபவர் என்றால் நாலாவது பந்திலேயே கோணம் மாறிவிடும். பந்தைக் குஷனை ஒட்டி நிறுத்துவது ஒருவருக்குச் சாதாரணம், கூட்டாளிக்கோ கோலைத் தாங்கக் கையை ஊன்றவே இடம் இருக்காது. எந்த ஜோடி ஒத்துப்போகிறது என்று தெரிய, ஒவ்வொரு ஜோடிக்கும் குறைந்தது 20 ராக் கொடுத்து, கோணம் தவறிய ஷாட்களை மட்டும் எண்ணுங்கள்.

இதற்கெல்லாம் நேரம் வேண்டும். அணியைப் போட்டிக்குச் சில வாரம் முன்னால் அறிவித்தால் ஒன்றும் நடக்காது. 2013-இல் லாஸ் வேகாஸில் 11-2 என்று தோற்ற அமெரிக்கா, 2018-இல் 11-9, 2019-இல் 11-8 என்று ஜெயித்ததை இங்கே நினைவுபடுத்த வேண்டும். அந்த இரண்டு வெற்றிக்கும் கேப்டன், முன்பு ஐரோப்பிய அணியை வழிநடத்திய டச்சுக்காரர் யோஹான் ரவ்சிங்க். இரண்டு முறையும் சிறந்த வீரர் ஸ்கைலர் உட்வார்ட். அமெரிக்காவின் நட்சத்திர வீரர் ஷேன் வான் போனிங் 2007-இலிருந்தே அணியில் இருந்தவர். ஒரு நட்சத்திரம் இருந்தும் ஆண்டுக்கணக்கில் தோற்ற அணி, மற்ற நால்வரும் அவருக்குத் தோள் கொடுக்கத் தொடங்கிய பிறகே எழுந்தது.

வயது தடையல்ல. 2022 அணியில் ஏர்ல் ஸ்ட்ரிக்லாண்ட் 61 வயதில் இடம்பெற்றார். பிறந்த நாடும் தடையல்ல: ரஷ்யாவில் பிறந்து, 2020-இல் ஐரோப்பாவுக்கு ஆடிய ஃபெடோர் கோர்ஸ்ட், 2024-இல் அமெரிக்காவுக்கு ஆடினார். பெயரைப் பட்டியலில் எழுதும் முன் தகுதி விதியைச் சரிபார்த்துவிடுங்கள்.

இருவர் அணியாக ஆடும் பூல் உலகக் கோப்பைக்கு ஆள் எடுத்தால், மேலே சொன்னதில் டபுள்ஸ் சோதனையையே முதலில் வையுங்கள். அங்கே தனி ஆட்டமே கிடையாது.