புரையோடிய காலுக்கு மாத்திரை போதுமா?

கேள்வி: என் அண்ணனுக்கு 41 வயது. ஆறு மாதத்துக்கு முன் பைக்கிலிருந்து விழுந்ததில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. பிளேட் வைத்தார்கள். இரண்டு மாதமாகத் தழும்பை ஒட்டிய சின்ன ஓட்டையில் சீழ் வடிகிறது. மாத்திரை போட்டால் நிற்கிறது, விட்டால் திரும்ப வருகிறது. பிளேட்டை எடுத்தால் சரியாகுமா? புத்தூர் கட்டுப் போடலாமா?
- வாசகி, குடியாத்தம்

பதில்: கட்டு வேண்டாம். கட்டு எலும்பை அசையாமல் பிடிக்கும், அவ்வளவுதான். இறுக்கிக் கட்டினால் புரையின் வாய் அடைபட்டுச் சீழ் உள்ளேயே தேங்கும்.

மருந்து ரத்தத்தோடு போய்ச் சேர வேண்டும். தொற்றில் செத்துப்போன எலும்புத் துண்டுக்கு ரத்த ஓட்டமே கிடையாது. பிளேட், ஸ்குரூ மீதும் கிருமிகள் வழவழப்பான படலத்தைப் போர்த்திக்கொண்டு ஒட்டியிருக்கும். மாத்திரை சுற்றியுள்ள சதையை ஆற்றும். மூலம் அப்படியே கிடக்கும். இப்படி விட்டுவிட்டுச் சாப்பிட்டால் கிருமி அந்த மருந்துக்கே அடங்காமல் போகலாம்.

பிளேட்டை எடுப்பதா என்பது எலும்பு கூடிவிட்டதா என்பதைப் பொறுத்தது. எக்ஸ்ரேயில் தெளிவில்லாவிட்டால் சி.டி. ஸ்கேன் பார்ப்பார்கள். கூடியிருந்தால் பிளேட்டை எடுத்துச் செத்த எலும்பையும் சுரண்டிவிடலாம். கூடவில்லை, ஆனால் பிளேட் கெட்டியாக இருக்கிறது என்றால், கூடும் வரை மருந்தால் அடக்கிவைத்து, பிறகு எடுப்பதுண்டு. லூசாகிவிட்டால் எடுத்தே தீர வேண்டும். வெளியிலிருந்து கம்பி பொருத்துவார்கள். ஆடும் எலும்பில் தொற்று அடங்காது.

ஓட்டையில் வடியும் சீழைப் பஞ்சில் தொட்டுக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்து எதுவென்று பார்க்கும் சோதனை) அனுப்புவதை நம்ப வேண்டாம். தோலில் உள்ள கிருமிதான் பெரும்பாலும் வளரும். ஆபரேஷனில் ஆழத்திலிருந்து, வெவ்வேறு இடங்களில் நாலைந்து துண்டு எடுத்து அனுப்ப வேண்டும். காசநோய்க்கும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். காய்ச்சல் இல்லையென்றால், ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்பே ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தச் சொல்வார்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

எலும்பில் பொட்டுப் பொட்டாக ரத்தம் கசியும் வரை சுரண்டுவார்கள். பள்ளத்தில் மருந்து கலந்த சிமென்ட் மணிகள் வைப்பதுண்டு. பிறகு சுமார் ஆறு வாரம் ஆன்டிபயாட்டிக். சுரண்டியதில் எலும்பில் இடைவெளி பெரிதானால் இலிசராவ் ரிங் (காலைச் சுற்றி வளையம் பொருத்தி, எலும்பை மெல்ல நகர்த்திப் புது எலும்பை வளர வைக்கும் கருவி): நாளுக்கு 1 மில்லிமீட்டர், அதையும் நாலு தடவையாகத் திருக வேண்டும். 5 சென்டிமீட்டர் நகர 50 நாள். புது எலும்பு இறுக இன்னும் பல மாதம் ஆகும். வேலைக்கு விடுப்பை அதற்கேற்ப யோசியுங்கள்.

முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தில் எலும்புக்கு மேல் தோல்தான், சதை கிடையாது. கெண்டைக்கால் சதையைத் திருப்பி மூட வேண்டி வரலாம். ஆகவே எலும்புப் பிரிவும் பிளாஸ்டிக் சர்ஜரியும் ஒரே இடத்தில் உள்ள மருத்துவமனைக்குப் போங்கள், வேலூர் சி.எம்.சி.யில் இரண்டும் உண்டு. பீடி, சிகரெட் இருந்தால் இன்றே விடச் சொல்லுங்கள், எலும்பு கூடுவதை அது வெகுவாகக் கெடுக்கும். சுகரும் பார்த்துவிடுங்கள்.

குளிர்காய்ச்சலோ, பரவும் சிவப்பு வீக்கமோ வந்தால் அன்றைக்கே கிளம்புங்கள். போகும்போது டிஸ்சார்ஜ் சீட்டு, தேதி வரிசையில் எல்லா எக்ஸ்ரேயும், இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் பெயரும் நாள்கணக்கும் கையில் இருக்கட்டும்.