முன்பணம் வாங்கியாச்சு, பாட்டு எங்கே? – வாசகர் கேள்விகள்

ரசிகர்களிடம் முன்பணம் வாங்கி கானா ஆல்பம் எடுப்பது பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் பாதியில் தொகை இல்லை, தேதி இல்லை, எத்தனை பேர் பணம் கட்டினார்கள் என்பதும் இல்லை. ‘லாபம் வருமா சார்?’ என்று மட்டும் கேட்டால் கிளி ஜோசியம்தான் பார்க்க வேண்டும். கணக்கோடு எழுதியவர்களுக்கே முதலிடம்.

தண்டையார்பேட்டை வாசகர்: 5 பாட்டு கானா ஆல்பம். ஸ்டுடியோ, வாசிப்பவர்கள், மிக்ஸிங், மாஸ்டரிங் எல்லாம் சேர்த்து 2 லட்சம் என்று கொட்டேஷன் வந்திருக்கிறது. ரசிகர்களிடம் 2 லட்சம் கேட்கலாமா?

2 லட்சம் கேட்டால் ஸ்டுடியோவுக்கு 1.4 லட்சம்தான் மிஞ்சும். 3 லட்சம் வையுங்கள். அதில் ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் பேமெண்ட் கேட்வேக்கு 2%, அதன் மேல் ஜிஎஸ்டி, ஆக 7,000 போகும். வசூல் நடத்தும் ரசிகர் நிதித் தளத்தின் கமிஷன் 10%, அதற்கு 18% ஜிஎஸ்டி, சுமார் 35,000. ரசிகருக்குப் பரிசாகத் தரும் டி-ஷர்ட், பென் டிரைவ், கூரியருக்கு 45,000. மிச்சம் 2.13 லட்சம். அந்த 13,000 உபரி இல்லை. தொண்டை கட்டி ஒரு பாட்டை மறுபடி பாடினாலோ, டோலக்காரருக்கு இன்னொரு கால்ஷீட் கொடுத்தாலோ அதுவும் காலி.

3 லட்சம் வருமா என்பது அடுத்த கேள்வி. ஃபாலோயர் 100 பேரில் ஒருவர் பணம் கட்டினாலே நல்ல கணக்கு. தலைக்குச் சராசரி 400 ரூபாய் என்றால் 750 பேர் வேண்டும், அதாவது 75,000 ஃபாலோயர். அவ்வளவு இல்லையென்றால் 5 பாட்டை 2 ஆக்குங்கள். கச்சேரியில் வாங்கிய ஒரு வாட்ஸ்அப் நம்பர் பத்து ஃபாலோயருக்குச் சமம். க்யூஆர் பேனரை நிகழ்ச்சி நடுவில், கூட்டம் உட்கார்ந்திருக்கும்போது காட்டுங்கள். கடைசிப் பாட்டு முடிந்தபின் காட்டினால் பார்ப்பது சவுண்ட் சர்வீஸ் பையன்கள் மட்டும்தான். முதல் வாரத்தில் 30% வரவில்லையென்றால் மீதி வருவது கஷ்டம். வசூலைத் தனிக் கணக்கில் வையுங்கள்.

காசிமேடு வாசகர்: ஏப்ரல் கடைசியில் கேம்பெயின் ஆரம்பிக்கிறோம். எங்க ரசிகர் எல்லாம் ஹார்பர் ஆளுங்கதான் சார். எவ்வளவு நாள் ஓட்டலாம்?

ஒரு நாளும் ஓட்டாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பது காசிமேட்டுக்காரருக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? தடை முடிந்ததும் முதல் சில வாரத்து வருமானம் பழைய கடனுக்குப் போகும். ஜூலை நடுவில் தொடங்குங்கள். ஆடியில் கூழ் ஊற்றும் கச்சேரிகளும் கூடவே வரும். 30 நாள் போதும்.

புளியந்தோப்பு வாசகர்: பழைய சினிமாப் பாட்டு மெட்டில் எங்கள் சொந்த வரிகளைப் போட்டு ஆல்பம். ரசிகர்களிடம் பணமும் வாங்கிவிட்டோம். 5 வருஷம் ஆன பாட்டை யார் வேண்டுமானாலும் கவர் பண்ணலாமாமே?

அந்த ‘ஆமே’ எங்கிருந்து வந்தது? காப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவை யாரோ பாதி படித்துவிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். மீதிப் பாதி இதுதான்: முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க வேண்டும், ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கு ராயல்டி கட்ட வேண்டும், தொழில்நுட்பத் தேவைக்கு மேல் படைப்பில் மாற்றம் கூடாது. வரியை மாற்றிய உங்கள் பாட்டு மூன்றாவது நிபந்தனையிலேயே அடிபடுகிறது. வீடியோவுக்கு அந்தப் பிரிவு உதவவே உதவாது.

சாவு வீட்டிலும் திருவிழா மேடையிலும் சினிமா மெட்டில் பாடுவது காலங்காலமாக நடக்கிறது, யாரும் கேட்பதில்லை. ஸ்ட்ரீமிங் ஆப்களுக்குப் பாட்டை அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் வழியாக ஏற்றும்போது அப்படியில்லை. அடுத்தவர் பாட்டைத் தானாகவே அடையாளம் காணும் யூடியூபின் கன்டென்ட் ஐடி மெட்டையே பிடிக்கும். வருமானம் ஆடியோ கம்பெனிக்குப் போகும் அல்லது பாட்டே இறங்கிவிடும். ஆடியோ கம்பெனியிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், இல்லையென்றால் மெட்டை மாற்றுங்கள். இரண்டாவதுதான் மலிவு.

எம்.கே.பி. நகர் வாசகர்: சார் ஆப் பண்ண எவ்ளோ ஆகும்?

முதல் 3 கேம்பெயின் முடியும்வரை ஆப்பே வேண்டாம். கேட்வேக்காரர் தரும் பேமெண்ட் பேஜும் ஒரு கூகுள் ஷீட்டும் போதும்.

பெரம்பூர் வாசகர்: ரசிகர் நிதித் தளம் நடத்துகிறோம். 6 கலைஞர்களுக்காக 14 லட்சம் வந்தது. எல்லாம் கம்பெனி கரன்ட் அக்கவுன்ட்டில். அதிலிருந்து 5 லட்சம் ஆபீஸ் அட்வான்ஸுக்கும் டெவலப்பர் சம்பளத்துக்கும் போய்விட்டது. அடுத்த மாதம் பெரிய கேம்பெயின் ஒன்று வருகிறது, அதில் ஈடுகட்டிவிடலாம். கலைஞர்களுக்குத் தவணை தள்ளிப்போவதைப் பக்குவமாக எப்படிச் சொல்வது?

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, அந்த 5 லட்சத்தை எங்கிருந்து திரும்ப வைப்பது என்று. ரசிகர் காசு உங்கள் காசு இல்லை. இதை நானும் எழுதிக்கொண்டே இருக்கிறேன், இதே கடிதமும் வந்துகொண்டே இருக்கிறது.

நீங்கள் செய்வதற்குப் பெயர் ரொட்டேஷன். புதிதாகக் கட்டுபவர் பணத்தில் பழையவருக்குப் பட்டுவாடா. கணக்கைப் பாருங்கள். கமிஷன் 10% என்றால் 14 லட்சத்தில் உங்களுக்குச் சொந்தம் 1.4 லட்சம். எடுத்தது 5 லட்சம். ஓட்டை 3.6 லட்சம். அதைக் கமிஷனிலேயே அடைக்க இன்னும் 36 லட்சம் வசூலாக வேண்டும், அதுவும் இடையில் வாடகைக்கும் சம்பளத்துக்கும் ஒரு ரூபாய்கூடத் தொடாமல். உங்கள் ‘பெரிய கேம்பெயின்’ 36 லட்சமா?

லண்டனின் பிளெட்ஜ்மியூசிக் என்ற ரசிகர் நிதித் தளம் 2009-ல் தொடங்கியது, பெயர்பெற்ற இசைக்குழுக்கள் எல்லாம் அதில் இருந்தன. கலைஞர்களுக்குப் பட்டுவாடா முதலில் தாமதமானது, பிறகு நின்றது, 2019-ல் கம்பெனியே கலைக்கப்பட்டது. ரசிகர் கட்டிய பணம் வந்து சேராத கலைஞர்களில் சிலர் சொந்தக் காசில் சிடி அடித்து அனுப்பினார்கள். அதற்கு முன் செல்லாபேண்ட் என்ற இன்னொரு தளம் 2006-ல் தொடங்கி 2010 பிப்ரவரியில் திவாலானது. இதைக் காட்டி ‘ரசிகர் நிதி என்பதே சரிப்படாது’ என்பவர்களுக்கு ஒரு தகவல்: ஆர்ட்டிஸ்ட்ஷேர் தளத்தில் ரசிகர் பணத்தில் வந்த ஜாஸ் ஆல்பம் ஒன்று, கடைகளில் விற்காமலேயே, 2005-ல் கிராமி வாங்கியது. முறையில் கோளாறு இல்லை. அடுத்தவர் பணம் இருக்கும் கணக்கிலிருந்து வாடகை கட்டுவதில்தான் கோளாறு.

இப்போது செய்ய வேண்டியது. புதிய கேம்பெயினை நிறுத்துங்கள். ஆறு பேருக்கும் தனித்தனியாக வந்தது, கொடுத்தது, பாக்கி என்று ஷீட் போடுங்கள். 3.6 லட்சத்தைப் பங்குதாரர்கள் கைக்காசிலிருந்தோ, ஆபீஸைக் காலி செய்து திரும்பும் அட்வான்ஸிலிருந்தோ கொண்டுவாருங்கள். பாக்கித் தொகையையும் தரும் தேதியையும் கலைஞருக்கு எழுத்தில் கொடுங்கள். பக்குவமெல்லாம் அதில் அடக்கம்.

இனிமேல் பணம் உங்கள் கணக்குக்கே வரக்கூடாது. அடுத்தவருக்கான பணத்தை வாங்கி வைத்துப் பிரித்துக் கொடுப்பது பேமெண்ட் அக்ரிகேட்டர் வேலை. அதற்கு ரிசர்வ் வங்கி அனுமதி வேண்டும், விண்ணப்பிக்கும்போதே 15 கோடி நிகர மதிப்பு காட்ட வேண்டும். உங்களால் ஆகாது. அனுமதி உள்ள அக்ரிகேட்டரிடம் ‘ஸ்ப்ளிட் செட்டில்மெண்ட்’ வசதி கேளுங்கள். ரேஸர்பே, கேஷ்ஃப்ரீ இரண்டிலும் உண்டு. கலைஞர் பங்கு எஸ்க்ரோவிலிருந்து (இருவருக்கும் பொதுவாக வங்கி பிடித்து வைக்கும் கணக்கு) நேராக அவர் கணக்குக்கும், கமிஷன் மட்டும் உங்களுக்கும் போகும். விடுவிப்பை 40-30-30 என்று வையுங்கள்: இலக்கு தொட்டதும் ஸ்டுடியோவுக்கு 40, மிக்ஸ் முடிந்ததும் 30, ரசிகருக்குப் பாட்டு போய்ச் சேர்ந்த பிறகு 30. உங்கள் கமிஷனும் அதே தவணையில்தான்.

அப்புறம், கடித ஓரத்தில் ‘20 லட்சம் தாண்டவில்லை, அதனால் ஜிஎஸ்டி எடுக்கவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். 20 லட்சம் வரம்பு கலைஞருக்கு. அடுத்தவர் விற்பனைக்குப் பணம் வசூலிக்கும் தளத்துக்கு முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம். ஆடிட்டரைப் பாருங்கள், இந்த வாரமே.

வியாசர்பாடி வாசகர்: 500 ரூபாய் கட்டும் ரசிகருக்கு ஆல்பம் லாபத்தில் பங்கு என்று போஸ்டர் அடிக்கலாமா?

கூடாது. லாபப் பங்கு என்றதும் அது பாட்டு விற்பனை இல்லை, முதலீடு திரட்டல். பொதுமக்களிடம் பங்கு விற்க உங்களுக்கு அனுமதி கிடையாது. தெரிந்தவர்களிடம் திரட்டினாலும் நிதியாண்டுக்கு 200 பேர்தான் வரம்பு. இணையத்தில் பலரிடம் பங்கு விற்று நிதி திரட்டுவது பற்றி, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2014-ல் ஆலோசனை அறிக்கை வெளியிட்டது, விதிமுறை வரவில்லை. ‘போட்ட காசுக்கு மேல் வரும்’ என்றால் 2019-ன் ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டத் தடைச் சட்டமும், தமிழ்நாட்டின் 1997 முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்து வரும்.

பதிலுக்கு, காசாகாத மரியாதையை விற்கலாம். ஆல்பம் கிரெடிட்டில் பெயர், ரிகர்சலுக்கு அனுமதி, பிறந்தநாள் கானா. ஒரு நிமிடப் பிறந்தநாள் கானாவுக்கு 2,000 ரூபாய் வையுங்கள், 20 பேருக்கு மேல் எடுக்காதீர்கள். ‘ஏரியா தல’, ‘கெத்து’ என்று பட்டம் சேர்த்துப் பாடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். போலீஸ் ஸ்டேஷன் படி ஏற வேண்டிவரும்.

கொடுங்கையூர் வாசகர்: ஸ்ட்ரீமிங்கில் 1 லட்சம் பிளே போனால் எவ்வளவு வரும்?

இந்தியக் கேட்பவர்கள் என்றால் 5,000 முதல் 10,000 வரை. ஸ்பாட்டிஃபையில் 12 மாதத்தில் 1,000 பிளே தாண்டாத பாட்டுக்கு எதுவும் கிடையாது. ஒரே ஆப்பை நம்பவும் கூடாது. ரெசோ, விங்க் என்ற இரண்டு பாட்டு ஆப்பையும் 2024-ல் இழுத்து மூடிவிட்டார்கள்.

பழைய வண்ணாரப்பேட்டை வாசகர்: டி-ஷர்ட், பென் டிரைவ் – எது நல்ல பரிசு?

டி-ஷர்ட் 180 ஜிஎஸ்எம் (துணியின் கனம்) காட்டன், எம்.சி. ரோட்டில் மொத்தமாக 160 ரூபாய் சுமார், டிடிஎஃப் பிரிண்ட் (ஃபிலிமில் அச்சிட்டுச் சூட்டில் ஒட்டுவது) 70, கவரும் கூரியரும் 70. ஆக 300. 499 வாங்கினால் 200 மிச்சம். 100 பீஸுக்கு எஸ் 10, எம் 30, எல் 35, எக்ஸ்எல் 20, டபுள் எக்ஸ்எல் 5. பிரிண்ட் போட்ட சாம்பிளை ஐந்து முறை துவைத்துப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள். பிரஸ் சூடு குறைந்தால் ஓரம் உரியும்.

பென் டிரைவ் ஆட்டோ ஓட்டுபவர்களுக்கு மட்டும். ஃபேட்32-ல் ஃபார்மேட் செய்து, 320 கேபிபிஎஸ் எம்பி3 போடுங்கள். ஃபைல் பெயரைத் தமிழில் வைத்தால் பல செட்டுகளில் கட்டம் கட்டமாகத் தெரியும்; 01, 02 என்று எண் போடுங்கள்.

திருவொற்றியூர் வாசகர்: ரெக்கார்டிங் முடிந்தது. ஒரு ஆடியோ கம்பெனி மொத்தமாக 40,000 தருகிறேன், எல்லா உரிமையும் எழுதிக்கொடு என்கிறது. வரி எழுதிய நண்பருக்கு என்ன பங்கு? ஸ்டுடியோக்காரர் வேறு டிராக்குகளைத் தர மறுக்கிறார்.

மூன்று கேள்வி, ஒன்றுக்கும் எழுத்தில் எதுவும் இல்லை என்று நினைக்கிறேன்.

ரசிகர் பணத்தில் எடுத்ததை அவர்கள் கைக்குப் போகும்முன் விற்காதீர்கள். 1999-ல் உச்சத்தில் இருந்த உலக ரெக்கார்டிங் வருமானம் 2014 வரை சரிந்தது. ஸ்ட்ரீமிங்கால் மீண்ட பிறகும் புது ஆளுக்குச் செலவழிக்கக் கம்பெனிகளுக்கு மனமில்லை. ரெடியாக இருப்பதை மலிவாக அள்ளத்தான் பார்ப்பார்கள். கையெழுத்துப் போட்டே தீர வேண்டுமென்றால் காலமும் நாடும் குறிப்பிடுங்கள். குறிப்பிடாவிட்டால் சட்டப்படி 5 ஆண்டு, இந்தியா மட்டும். அதனால்தான் அவர்கள் ‘உலகம் முழுவதும், காப்புரிமைக் காலம் முழுவதும்’ என்று மறக்காமல் எழுதுகிறார்கள். 2012 திருத்தத்துக்குப் பிறகு, வரி எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் ராயல்டி உரிமையை ஆடியோ கம்பெனிக்கு விட்டுக்கொடுத்ததாக எழுதினாலும் செல்லாது. வரிக்குப் பாதி, மெட்டுக்குப் பாதி என்று ஒரே தாளில் எழுதி இருவரும் வரி, மெட்டு ராயல்டியை வசூலித்துத் தரும் சங்கமான ஐபிஆர்எஸ்-ல் சேருங்கள். பாடியவர் பங்கு தனி, அதற்குப் பாடகர் சங்கமான இஸாம்ரா.

டிராக்குகள்: கடைசித் தவணையைக் கொடுக்காமல் கையில் வைத்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. பாக்கி இருந்தால் அதைக் காட்டிக் கேளுங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் ஃபைலாக, எல்லா டிராக்கும் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து, எஃபெக்ட் இல்லாமல் ஒன்று, எஃபெக்ட்டோடு ஒன்று. டோலக்கின் இரண்டு பக்க மைக்கும் தனித்தனியாக. 30 டிராக், 4 நிமிடப் பாட்டுக்கு 2 ஜிபி. ப்ராஜெக்ட் ஃபைல் மட்டும் வாங்கி வராதீர்கள். அதில் பயன்படுத்திய பிளக்-இன் (கூடுதல் சவுண்ட் மென்பொருள்) இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் பாதி ஊமை.

ராயபுரம் வாசகர்: டொரன்டோ, பாரீஸ் ரசிகர்கள் யுபிஐ போகவில்லை என்கிறார்கள்.

வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கு உள்ளவர்களுக்குத்தான் போகும். ஈழத்திலிருந்து போனவர்களுக்கு அந்தக் கணக்கே இருக்காது. சர்வதேச கார்டு வசதியோ பேபாலோ வையுங்கள், 4-5% கழியும். பக்கத்தில் ‘நன்கொடை’ என்று எழுதாதீர்கள். வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் குறுக்கே வரும். ‘முன்பதிவு விற்பனை’ என்று போட்டு ஒவ்வொருவருக்கும் பில் கொடுங்கள். அந்தப் பணமும் தனிக் கணக்கில்தான்.

கொருக்குப்பேட்டை வாசகர்: ஆல்பம் 7 மாதம் தாமதம். 300 பேரில் 40 பேர் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள். ‘ஆதரவு’ என்றுதானே வாங்கினோம், கொடுக்க வேண்டுமா?

கொடுங்கள். பரிசு தருவதாகச் சொல்லி வாங்கியது விற்பனை முன்பணம். கம்பெனியாக இருந்தால் 365 நாளுக்குள் பொருள் போய்ச் சேராத முன்பணம் டெபாசிட் ஆகிவிடும். நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை புகாருக்குக் கட்டணமும் கிடையாது, 500 ரூபாய்க்காரரும் போகலாம். கேட்வே கழித்த 2% திரும்ப வராது, அது உங்கள் நஷ்டம். பழைய பரிவர்த்தனை கேட்வேயில் ரீஃபண்ட் ஆகவில்லையென்றால் யுபிஐயில் அனுப்பி, பணம் போனதற்கான யுடிஆர் எண்ணை ஷீட்டில் குறியுங்கள். மீதி 260 பேருக்கும் அவர்கள் கேட்கும் முன்பே செய்தி அனுப்புங்கள்: எந்தப் பாட்டு முடிந்தது, எது பாக்கி, எந்தத் தேதி. ‘விரைவில்’ என்ற சொல் அதில் இருக்கக் கூடாது.