சிகரெட்டே தொடாத அம்மாவுக்கு நுரையீரல் புற்றுநோய் எப்படி வந்தது?

"வாழ்நாளில் ஒரு சிகரெட்கூடப் பிடிக்காத அம்மாவுக்கு நுரையீரலில் புற்றுநோய் என்கிறார்கள். எப்படிச் சாத்தியம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். சாத்தியம்தான். அமெரிக்காவில் இந்த நோய் வருகிறவர்களில் 100க்கு 10 முதல் 20 பேர் புகைக்காதவர்கள். ஆசியப் பெண்களை மட்டும் எடுத்தால் கணக்கு தலைகீழ், பெரும்பாலானோர் புகைக்காதவர்களே.

நான் வைத்தியர் இல்லை. கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருந்த என் பெரியம்மாவுக்கு இதே நோய் வந்தபோது வாசித்ததையும் வைத்தியர்களிடம் கேட்டதையும்தான் எழுதுகிறேன்.

எல்லோரும் முதலில் கேட்பது, வீட்டில் யாராவது புகைத்தார்களா என்று. நியாயமான கேள்விதான். கணவர் புகைக்கும் வீட்டில் வாழும் மனைவிக்கு இந்த ஆபத்து 20 முதல் 30 சதவீதம் கூடுகிறது. ஆனால் இதைக் கேட்டுவிட்டு அப்பாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். தனி ஒருவருக்கு இன்ன காரணத்தால்தான் வந்தது என்று பெரும்பாலும் யாராலும் சொல்ல முடியாது.

அடுத்தது குசினி. காற்றோட்டமில்லாத இடத்தில் பல்லாண்டு காலம் விறகடுப்பு ஊதியவர்களுக்கும், கொதிக்கும் எண்ணெயில் பொரித்துக்கொண்டே இருந்தவர்களுக்கும் அந்தப் புகை ஒரு காரணமாகலாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இவ்விரண்டையும் 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. 2022இல் இலங்கையில் காஸ் தட்டுப்பாட்டின்போது சில மாதம் விறகில் சமைத்தோமே, அதுவா என்று பலர் பயப்படுகிறார்கள். இங்கே கணக்கு மாதங்களில் இல்லை, பல்லாண்டுகளில். அப்புறம் ஒரு நுளம்புச் சுருள் 100 சிகரெட்டுக்குச் சமம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அந்த ஆய்வு நுண்துகள் அளவை மட்டும்தான் ஒப்பிட்டது. நூறு சிகரெட்டின் புற்றுநோய் ஆபத்து என்று அதற்கு அர்த்தமில்லை. என்றாலும் பூட்டிய அறையில் இரவு முழுக்கச் சுருள் கொளுத்துவதைவிட வலை கட்டிப் படுப்பது நல்லது.

நம் ஊரில் போதிய அளவு பேசப்படாதது அஸ்பெஸ்டஸ் கூரை. கூரையில் சும்மா கிடக்கும் நல்ல தகட்டால் பெரிய பயமில்லை. அதை அறுக்கும்போதும், துளைக்கும்போதும், உடைக்கும்போதும் கிளம்பும் தூசிதான் வில்லன். அந்தத் தூசியிலுள்ள அஸ்பெஸ்டஸ் நார்கள் நுரையீரலில் தங்கி, நோய் தலைகாட்ட 20, 30 ஆண்டுகள்கூட ஆகலாம். 2018இலிருந்து இறக்குமதியைக் கட்டுப்படுத்த அரசாங்கம் முடிவெடுத்திருந்தது. 2017 டிசம்பரில், ஒரு வண்டு அகப்பட்டதென்று சொல்லி ரஷ்யா நம் தேயிலையை நிறுத்தியது. அஸ்பெஸ்டஸை நமக்கு விற்பதும் ரஷ்யாதான். கட்டுப்பாடு தள்ளிப்போனது, தேயிலையும் திரும்பப் போனது. அம்மாவின் வீட்டில் எப்போதாவது கூரை மாற்றினார்களா, அவர் வேலை செய்த இடம் எது என்பதையெல்லாம் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

கொழும்பின் காலி வீதியில் பஸ் கக்கும் கறுப்புப் புகையும் சாதாரணமல்ல. டீசல் புகை 2012இலும், வெளிக்காற்று மாசு 2013இலும் புற்றுநோய்க் காரணிகள் என்று உறுதியாக அறிவிக்கப்பட்டன. 2023இல் லண்டன் ஆய்வாளர்கள் வெளியிட்டது இன்னும் சுவாரசியம். வயதாக ஆக நம் நுரையீரலின் சில உயிரணுக்களில் ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணு தானாகவே பிறழ்ந்துவிடுகிறது. அவை பல்லாண்டு சும்மா தூங்கும். நுண்துகள் உள்ளே போய் அழற்சியைக் கிளப்பினால் விழித்துப் பெருகத் தொடங்குகின்றன. புகைக்காத ஆசியப் பெண்களின் கட்டிகளில் அதிகம் காணப்படுவதும் இதே பிறழ்வுதான்.

தரையிலிருந்து கசியும் ரேடான் என்ற கதிரியக்க வாயு குளிர்நாடுகளில் பெரிய பிரச்சினை. ஜன்னல் திறந்தே கிடக்கும் நம் வீடுகளில் அது தேங்குவது குறைவு. இரத்த உறவில் யாருக்காவது இந்நோய் இருந்திருந்தால், முன்பு காசநோய் வந்திருந்தால், நெஞ்சில் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்திருந்தால் ஆபத்து கொஞ்சம் கூடும். இவற்றில் எதுவுமே இல்லாமலும் வரும்.

பெரியம்மாவின் விடாத இருமலுக்கு மாதக்கணக்கில் ஆஸ்துமா மருந்துதான் கொடுத்தார்கள். புகைக்காத பெண்மணி என்றதும் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. மூன்று கிழமைக்கு மேல் இருமல் நீடித்தாலோ, சளியில் இரத்தம் கண்டாலோ எக்ஸ்ரே கேட்டு வாங்குங்கள். அது தெளிவாக வந்தும் இருமல் விடாவிட்டால் சிடி ஸ்கான் தேவையா என்று கேளுங்கள்.

உங்கள் அம்மா விஷயத்தில் இப்போது கேட்க வேண்டியது ஒன்று. கட்டியிலிருந்து எடுத்த சதையில் ஈஜிஎஃப்ஆர் பரிசோதனை செய்தார்களா? பிறழ்வு இருந்தால் அந்தப் பிறழ்வையே குறிவைக்கும், மாத்திரையாகவே எடுக்கக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. மகரகம புற்றுநோய் வைத்தியசாலையிலோ வெலிசறை நெஞ்சுநோய் வைத்தியசாலையிலோ, எங்கே காட்டினாலும், சிகிச்சை தொடங்குமுன் அந்த முடிவுக்குக் காத்திருக்கலாமா என்று வைத்தியரிடமே கேளுங்கள். நோய் இருக்கும் நிலையைப் பார்த்து அவர்தான் சொல்ல வேண்டும்.