வாசகர் கேள்வி – பதில்: திரையில் கேலியும் துயரமும்

கேள்வி: பெரிய வெள்ளி இரவு ஒளிபரப்பான நகைச்சுவை நிகழ்ச்சியொன்றில் நற்கருணையைக் கேலி செய்தார்கள். லண்டனில் இருந்திருந்தால், பிரித்தானியாவின் ஒளிபரப்பு ஒழுங்காற்று அமைப்பான ஒஃப்கொம் உடனே தண்டித்திருக்கும் என்கிறாள் என் மகள். இங்கே யாரிடம் முறையிடுவது? பொலிஸுக்குப் போகலாமா?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: லண்டனிலும் காரியம் அவ்வளவு சுலபமில்லை. ஒஃப்கொமின் ஒளிபரப்பு விதிக்கோவையில் சமயத்துக்கென உள்ள பிரிவு சமய நிகழ்ச்சிகளுக்கே உரியது. நகைச்சுவையைப் பொறுத்தவரை, மனத்தைப் புண்படுத்தக்கூடிய காட்சிக்கு நிகழ்ச்சியின் தன்மை, ஒளிபரப்பான நேரம், பார்வையாளரின் எதிர்பார்ப்பு ஆகியவை நியாயம் கற்பிக்கின்றனவா என்றுதான் பார்ப்பார்கள். 2005 ஜனவரியில் பிபிசி ஒளிபரப்பிய இசைநாடகமொன்று இயேசுவை இழிவுபடுத்துவதாகப் பல்லாயிரம் பேர் முறையிட்டபோதும், விதிமீறல் இல்லை என்றே ஒஃப்கொம் தீர்மானித்தது.

இலங்கையில் அப்படி விசாரிக்கச் சுயாதீன அமைப்பே இல்லை. தனியார் அலைவரிசைகள், 1966, 1982ஆம் ஆண்டுகளின் அரச ஒலிபரப்பு, ரூபவாஹினிக் கூட்டுத்தாபனச் சட்டங்களின் கீழ் அமைச்சர் வழங்கும் அனுமதிப்பத்திரத்தில் இயங்குகின்றன. 1997இல் கொண்டுவரப்பட்ட ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலத்தை, அச்சபை அரசாங்கத்தின் பிடியிலிருந்து விடுபட்டதாக இல்லை என்பதால், அரசியலமைப்புக்கு முரணானதென உயர் நீதிமன்றம் கூறியது; என் கணிப்பில் அது சரியான தீர்ப்பே. ஆகவே உங்கள் கடிதம் முதலில் அந்த அலைவரிசையின் நிகழ்ச்சிப் பணிப்பாளருக்கே போகவேண்டும். திகதி, நேரம், பேசப்பட்ட வசனம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, அந்த நாளில், பிள்ளைகளும் விழித்திருக்கும் நேரத்தில், அக்காட்சி ஏன் தேவைப்பட்டது என்று கேளுங்கள். ‘எங்கள் விசுவாசத்தைத் தொடவே கூடாது’ என்று எழுதினால், அக்கடிதத்தை ஓரமாய் வைப்பது அவர்களுக்கு மிகவும் எளிது.

பொலிஸ் வேண்டாம். சமய உணர்வைப் புண்படுத்துவதற்கு எதிராகத் தண்டனைச் சட்டக்கோவையில் பிரிவுகள் உண்டு. மத வெறுப்பைத் தூண்டுவதற்கு எதிராக 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டமும் உண்டு. ஆனால் 2019இல், பிக்குகளின் முறைப்பாட்டின் பேரில், ஒரு சிறுகதைக்காகச் சிங்கள எழுத்தாளர் ஒருவர் மாதக்கணக்கில் விளக்கமறியலில் கிடந்ததும் இதே சட்டத்தினால்தான். சிறுபான்மையினராகிய நாம் கூர்தீட்டிக் கொடுக்கும் சட்டம் நாளை நமது போதகர்மீதே பாயாது என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

கேள்வி: உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலில் இறந்தவர்களின் உடல்களை இன்றும் திரையில் காட்டுகிறார்கள். இதையும் சகித்துக்கொள்ள வேண்டுமா?
– வாசகர், கொச்சிக்கடை

பதில்: தேவையில்லை. முதல் கேள்வியைவிட இதற்கு வலுவான நியாயம் இருக்கிறது. ஏனெனில் இங்கே புண்படுவது கருத்தல்ல, உறவினரை இழந்த குடும்பம். முந்திய துயரச் சம்பவங்களை மீண்டும் காட்டும் நிகழ்ச்சிகளில் பாதிக்கப்பட்டோரின் வேதனையைக் குறைக்க முயலவேண்டும் என்றும், இயன்றவரை அவர்களுக்கும் நெருங்கிய குடும்பத்தாருக்கும் முன்கூட்டியே தெரிவிக்கவேண்டும் என்றும் அதே ஒஃப்கொம் விதிக்கோவை சொல்கிறது. அவ்விதி நம் நாட்டு அலைவரிசைகளைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் நல்ல செய்தியாசிரியர் எவரும் அதை மறுத்துப் பேசமாட்டார். புனித அந்தோனியார் ஆலயத்தில் உறவுகளை இழந்த குடும்பங்களின் ஒப்பத்தோடு, ஏப்ரல் 21 நெருங்குமுன், பெப்ரவரியிலேயே எல்லாச் செய்திப் பிரிவுகளுக்கும் எழுதிவிடுங்கள்.